சுரங்கம் இல்லாத மலையில் தாமிரம்: போடிமெட்டுச் சரிவுகளின் மண் வரலாறு

விளைநிலத்தில் கன உலோகம் படிந்தது என்றால் அருகில் ஒரு சுரங்கமோ உருக்காலையோ இருக்க வேண்டும் என்று கருதுவது மண்ணியலில் நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கம். ஈயம், காட்மியம், பாதரசம், தாமிரம், நிக்கல் போன்ற அடர்த்தி மிகுந்த உலோகங்களைக் கன உலோகங்கள் என்ற பொதுப்பெயரால் குறிப்பர். பூமிக்குள் பாறையோடு பாறையாக அடங்கிக் கிடக்கும் இவை, தாதுவை வெட்டி நொறுக்கிக் கழுவும் இடத்தில் விடுபட்டு, கழிவுநீரோடும் புகையோடும் வயல்களை அடைகின்றன. சுரங்கத்திலிருந்து விலகிச் செல்லச் செல்ல மண்ணில் அவற்றின் அளவு குறைந்துகொண்டே போகிறது. தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூரிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கேரள எல்லையைத் தொடும் போடிமெட்டும், அதற்கு மேற்கே விரியும் ஏலமலையும் இந்த விதிக்குள் அடங்குவன அல்ல. சார்னோகைட்டும் நைசும் ஆகிய பழம்பாறைகளால் ஆன இம்மலையில் உலோகச் சுரங்கம் எதுவும் இயங்கவில்லை. ஆயினும் இங்குள்ள தோட்ட மண்ணுக்கும் ஓர் உலோக வரலாறு உண்டு. அது பயிர்நோய்க்கு மருந்தாகவும் பயிருக்கு உரமாகவும் மலை ஏறிவந்த மூட்டைகளின் வரலாறு.

இந்த வரலாற்றைச் சுரங்க மாசின் வரலாற்றிலிருந்து பிரித்து நிறுத்துவது ஒரே ஒரு வேறுபாடுதான். சுரங்கத்தின் அருகே உலோகம் எவருடைய வேலையின் கழிவாக வந்தது என்பதைச் சுட்டிக்காட்ட முடியும்; ஏலமலையில் அது விவசாயியே விலைகொடுத்து வாங்கி, ஆய்வு நிலையங்களின் பரிந்துரைப்படி, நியாயமான காரணத்துக்காகத் தன் நிலத்தில் இட்ட பொருளாக வந்தது. ஆகவே ஒவ்வொரு முறை இட்டதற்கும் கணக்கு இருந்தது. மொத்தமாகச் சேர்ந்ததற்குக் கணக்கு இல்லாமல் போயிற்று.

ஏலம் இறங்கிய பாதை

போடிமெட்டு ஒரு நீர்பிரிமுகடு, அதாவது பெய்யும் மழை இரு திசைகளாகப் பிரியும் மலைவிளிம்பு. கிழக்கே விழும் நீர் கொட்டகுடி ஆற்றில் சேர்ந்து போடி வழியாக வைகைப் படுகைக்குச் செல்கிறது. மேற்கே விழுவது பன்னியாற்றில் கலந்து ஆனையிறங்கல் அணையைக் கடந்து பெரியாற்றை அடைகிறது. மேற்குச் சரிவில் தென்மேற்குப் பருவமழை வாரக்கணக்கில் விடாது பெய்ய, கிழக்குச் சரிவு மழை மறைவுப் பகுதியாக வறண்டு நிற்கிறது. ஏலச்செடி நிழலையும் ஈரத்தையும் நாடும் பயிராதலால் விளைச்சல் மேற்கே நிகழ்ந்தது. அதை விளைவித்த கைகளும் வாங்கி விற்ற வணிகமும் பெரும்பாலும் கிழக்கே போடி, கம்பம், உத்தமபாளையம் ஆகிய ஊர்களைச் சேர்ந்தவையாக இருந்தன.

19ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் அரசு ஏலத்தைத் தன் ஏகபோகச் சரக்காக வைத்திருந்தது. மதுரைச் சீமையிலிருந்து சென்ற தமிழ்க் குடியானவர்கள் காட்டின் அடிச்செடிகளை மட்டும் வெட்டி நீக்கி, பெருமரங்களை நிழலுக்காக விட்டுவைத்து, தானாக முளைத்த ஏலச்செடிகளைப் பேணி, விளைந்த காயைச் சர்க்கார் பண்டகசாலையில் ஒப்படைத்து அதன் விலையில் ஒரு பங்கைப் பெற்றனர். நூற்றாண்டின் இறுதியில் ஏகபோகம் கைவிடப்பட்டு நிலவரி முறை வந்தது. 1897-இல் ஏலமலைக் காப்புக்காடு அறிவிக்கப்பட்டது. அக்காலத்துச் சாகுபடியில் வெளியிலிருந்து மண்ணுக்குள் நுழைந்த பொருள் ஏறக்குறைய எதுவும் இல்லை. நிழல்மரங்களின் சருகே உரமாயிற்று. களையெடுப்பும் காய்ந்த தட்டைகளை நீக்குவதுமே பராமரிப்பாக இருந்தன. மலைக்கு ஏறியவை அரிசி, உப்பு, துணி ஆகியன; தலைச்சுமையாகவும் கழுதைப் பொதியாகவும் இறங்கியது ஏலம்.

மேற்கே கண்ணன் தேவன் மலைகளில் தேயிலை பரவிய பிறகு போக்குவரத்து பெருகியது. அம்மலைகளின் விளிம்பிலுள்ள டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிப் பள்ளத்தாக்கின் அடிவாரத்துக்குக் கம்பிவடப் பாதை அமைக்கப்பட்டு, தேயிலைப் பெட்டிகள் அதன்வழி இறங்கி மாட்டுவண்டிகளில் போடியை அடைந்தன. 1928-இல் மதுரை–போடி இருப்புப்பாதை திறக்கப்பட்டதும் மலைச்சரக்குக்கு நேரடி ரயில் வழி கிடைத்தது. சரக்கை இறக்குவதற்கென அமைந்த பாதைகள் மூட்டைகளை ஏற்றவும் பயன்படும். தோட்டப் பயிர் பெருகி, ஒரே பயிர் பெரும் பரப்பை மூடி, அதனால் நோயும் பெருகிய காலத்தில் அம்மூட்டைகளில் உரமும் மருந்தும் இடம்பிடித்தன.

1885: ஒரே உலோகத்தின் இரு விளைவுகள்

அம்மருந்துகளில் முதன்மையானது தாமிரம். அது வேளாண் மருந்தான கதை பிரான்சில் தொடங்குகிறது. அமெரிக்காவிலிருந்து வந்த அடிச்சாம்பல் நோய் 1878 முதல் பிரெஞ்சுத் திராட்சைத் தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்தபோது, போர்தோ பல்கலைக்கழகத் தாவரவியல் பேராசிரியர் பியர் மரி அலெக்சி மில்லார்தே, மெதோக் பகுதியில் சாலையோரக் கொடிகள் மட்டும் இலை உதிராமல் நிற்பதை 1882-இல் கவனித்தார். வழிப்போக்கர்கள் பழத்தைத் திருடாதிருக்க அக்கொடிகளின் மீது துரிசும் சுண்ணாம்பும் கலந்த நீலக்கரைசல் தெளிக்கப்பட்டிருந்தது. துரிசு என்பது தாமிர சல்பேட்டு. மயில்துத்தம் என்ற பெயரில் சித்த மருத்துவமும் அறிந்த உப்பு. மில்லார்தே வேதியியலாளர் உலிஸ் கையோனுடன் சேர்ந்து செய்த சோதனைகளின் முடிவை 1885-இல் வெளியிட்டார். போர்டோக் கலவை என்று இன்றும் வழங்கும் அம்மருந்து உலகில் பெருவாரியாகப் பயன்பட்ட தொடக்ககாலப் பூசணக்கொல்லிகளுள் ஒன்று.

அதே 1885-இல் ஜப்பானின் வதராசே ஆற்றில் மீன்கள் பெருமளவில் செத்து மிதந்தன. ஆற்றின் தலைப்பகுதியில் இருந்த ஆஷியோ தாமிரச் சுரங்கத்தின் கழிவே அதற்குக் காரணம். 1890-இல் வந்த வெள்ளம் அக்கழிவை நெல்வயல்களின் மேல் பரப்ப, விளைச்சல் பொய்த்த விவசாயிகள் திரண்டெழுந்தனர். அவர்களுக்காக நாடாளுமன்றத்தில் வாதாடிய தனாகா ஷோசோ, பதவி விலகி, 1901-இல் பேரரசரின் வண்டியை மறித்து நேரடியாக மனுக் கொடுக்க முயன்றார். மண்ணில் உலோகம் சேர்வதை ஒரு நாடு அரசியல் சிக்கலாக எதிர்கொண்ட தொடக்கக் காலப் போராட்டங்களில் அது முக்கியமானது. பின்னர் ஜின்சு ஆற்றுப் படுகையில் கமியோகா சுரங்கத்தின் காட்மியம் நெல்வழி மனித உடலில் ஏறி எலும்பை நொறுக்கிய ‘இதாய் இதாய்’ நோயை 1968-இல் ஜப்பானிய அரசு மாசு நோயாக ஏற்றது. 1970-இல் விளைநில மண் மாசுத் தடுப்புச் சட்டம் வந்தது. அச்சட்டத்தின் கீழ் நெல்வயல் மண்ணில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் பிரித்தெடுக்கப்படும் தாமிரம் கிலோவுக்கு 125 மில்லிகிராமைத் தொட்டால் அந்நிலம் சீரமைப்புக்கு உரியதாகிறது. கமியோகா சுரங்கத்தின் ஆழம் பிற்காலத்தில் நியூட்ரினோ துகள்களை ஆராயும் கூடமாயிற்று; அத்தகைய ஆய்வகம் ஒன்றைப் போடி மேற்கு மலையின் பொட்டிப்புரத்தில் அமைக்க 2015-இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்தபோது மலையைக் குடைவதை எதிர்த்து எழுந்த விவாதம், இந்த மண்ணில் ஏற்கெனவே சேர்ந்துகொண்டிருந்த உலோகத்தைப் பற்றியதாக இருக்கவில்லை.

ஒரே ஆண்டில் ஓரிடத்தில் பயிரைக் காத்த உலோகமும் இன்னோரிடத்தில் வயலைக் கெடுத்த உலோகமும் ஒன்றே என்பதை இணைத்துப் பார்க்க வேளாண் அறிவியலுக்கு நெடுங்காலம் பிடித்தது. தாமிரம் பயிருக்குச் சிறிதளவு தேவையான நுண்ணூட்டம் என்பதும், தெளித்தவருக்கு உடனடித் தீங்கு தெரிவதில்லை என்பதும், பிற்காலத்து டி.டி.டி., எண்டோசல்ஃபான் போன்ற மருந்துகளோடு ஒப்பிட்டால் அது பழகிய எளிய பொருளாகத் தோன்றியதும் இத்தாமதத்துக்குக் காரணங்கள்.

தென்னிந்தியத் தோட்டங்களில் நீலக்கரைசல்

இலங்கைக் காப்பித் தோட்டங்களை 1869 முதல் தாக்கிய இலைத்துரு நோய், போர்டோக் கலவை அறியப்படுவதற்கு முன்பே அங்குக் காப்பிச் சாகுபடியைச் சாய்த்துவிட்டது. தென்னிந்தியாவில் அக்கலவை வேரூன்றியதற்கு மைசூர் அரசின் பூசணவியலாளராகப் பணியாற்றிய கனடா நாட்டவர் லெஸ்லி கோல்மனின் பங்கு பெரிது. மலைநாட்டுப் பாக்குமரங்களில் மழைக்காலத்தில் குலை குலையாகக் காய் உதிரச் செய்த கோலேரோகா நோய்க்கு, மழைக்கு முன்பே குலைகளின் மீது போர்டோக் கலவையைத் தெளித்தால் பலன் உண்டு என்பதை அவர் 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நிறுவினார். காப்பிக்கும் மிளகுக்கும் அதே வழி பின்பற்றப்பட்டது.

தேயிலைக்குத் தாமிரம் வந்த ஆண்டு தெளிவானது. கொப்புள நோய் எனப்படும் இலைப்பூசணம் 1946-இல் தென்னிந்தியத் தேயிலையிலும் இலங்கையிலும் தோன்றியது. கொழுந்தையே தாக்கும் அந்நோயைத் தடுக்க மழைக்காலம் முழுவதும் சில நாள்களுக்கு ஒருமுறை தாமிர ஆக்சிகுளோரைடு தெளிப்பது தோட்டங்களின் நடைமுறையாயிற்று. நீரில் எளிதில் கரையாத தாமிர உப்பான அது, போர்டோக் கலவையைப் போல ஒவ்வொரு முறையும் சுண்ணாம்பு சேர்த்துத் தயாரிக்க வேண்டியிராத மருந்து. பின்னர் தென்னிந்தியத் தோட்ட அதிபர் சங்கமான உபாசியின் அறிவியல் துறை, தாமிர ஆக்சிகுளோரைடோடு நிக்கல் குளோரைடைக் கலந்து தெளிக்கவும் பரிந்துரைத்தது. நோய் முற்றிய கொப்புளத்தையும் அடக்கும் ஆற்றல் நிக்கலுக்கு இருந்ததால் அக்கலவை பரவலாகப் பயன்பட்டு, முறைபாயும் மருந்துகள், அதாவது இலைக்குள் ஊடுருவிச் செயல்படும் புதிய வகைகள் வந்த பிறகே பின்வாங்கியது. தேயிலைத் தூளில் தாமிரம் கிலோவுக்கு 150 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது என்று இந்திய உணவுச் சட்டம் வரம்பு விதித்திருப்பது இந்தத் தெளிப்பு மரபின் சுவடு. வரம்பு கோப்பைக்கு விதிக்கப்பட்டது. கொழுந்திலிருந்து மழையால் கழுவப்பட்டு மண்ணில் இறங்கிய தாமிரத்துக்கு அத்தகைய வரம்பு விதிக்கப்படவில்லை.

அழுகலும் ஞள்ளானியும்

ஏலத்தோட்டங்களில் தாமிரம் தலையாய இடம்பெற்றது 1970-களில். இடுக்கிப் பகுதியில் மழைக்காலத்தில் காய்களும் இளந்தட்டைகளும் நீர்கோத்துக் கறுத்து நாற்றமெடுத்து உதிர்வதை விவசாயிகள் அழுகல் என்றனர். பைட்டோப்தோரா என்ற நீர்ப்பூசணமே அதற்குக் காரணம் என்பது 1972-இல் பதிவாயிற்று. இந்த நீர்ப்பூசணம், மில்லார்தே எதிர்கொண்ட திராட்சை நோயின் காரணியைப் போலவே, உண்மையான பூசணங்களிலிருந்து வேறுபட்டு ஈரத்தில் நீந்திப் பரவும் வித்துகளை உண்டாக்கும் குடும்பத்தைச் சேர்ந்தது. தாமிர அயனி அவ்வித்துகளைக் கொல்வதில் வல்லது. எனவே பருவமழைக்கு முன் மே, ஜூன் மாதங்களில் 1 விழுக்காட்டுப் போர்டோக் கலவையைத் தூரிலும் சரத்திலும் தெளிப்பதும், மழைக்கிடையே மீண்டும் தெளிப்பதும், தூர் அழுகினால் தாமிர ஆக்சிகுளோரைடு கரைசலை வேரடியில் ஊற்றுவதும் ஏலச் சாகுபடிக் கையேடுகளின் நிலையான பரிந்துரைகளாயின. ஏலத்துக்கெனப் பாம்பாடும்பாறையில் 1956-இல் தொடங்கிய ஆய்வு நிலையமும், மயிலாடும்பாறையில் 1978-இல் அமைந்த இந்திய ஏலக்காய் ஆய்வு நிறுவனமும் இம்மலையின் அறிவியல் மையங்கள்.

மருந்தின் அளவைப் பெருக்கியது நோய் மட்டுமல்ல. பயிரிடும் முறையில் ஏற்பட்ட மாற்றமும் அதற்குக் காரணம். 1990-களில் ஒரு விவசாயி தன் தோட்டத்தில் தேர்ந்தெடுத்து வளர்த்த ஞள்ளானி என்ற ரகம், நல்ல பராமரிப்பில் ஹெக்டேருக்கு 1,500 கிலோவுக்கும் மேல் உலர்ந்த காய் தரவல்லது என்ற பெயருடன் மலையெங்கும் பரவியது. அது வெளிச்சத்தையும் நீரையும் மிகுதியாகக் கேட்டது; நிழல்மரங்களின் கிளைகள் கழிக்கப்பட்டன, நீர்ப்பாசனம் வந்தது, உரமூட்டைகள் பெருகின, செடிகள் நெருங்கின. ஈரம் தங்கிய நெருக்கமான தோட்டத்தில் பூசணமும், இலைப்பேன் என்னும் திரிப்ஸும், காய்த்துளைப்பானும் செழித்தன. ஆண்டுக்குப் பத்துக்கும் மேற்பட்ட முறை மருந்தடிக்கும் தோட்டங்கள் ஏலமலையில் வழக்கமாயின. குவாத்தமாலாவோடு உலகச் சந்தையில் போட்டியிட வேண்டிய பயிரில், ஒரு மழைக்காலத்து அழுகல் ஓராண்டு வருமானத்தையே அழிக்கக்கூடும் என்ற நிலையில், தெளிக்காமல் விடுவதே பெரிய சூதாட்டமாக விவசாயிக்குத் தோன்றியதில் வியப்பில்லை. 2018 கேரள வெள்ளத்துக்குப் பின் விளைச்சல் குறைந்து, 2019 ஆகஸ்டில் ஏலக்காயின் உச்ச ஏலவிலை கிலோவுக்கு 7,000 ரூபாயைத் தொட்டது. அத்தகைய விலை ஒவ்வொரு சரத்தையும் காப்பாற்றத் தூண்டும் என்பது சொல்லாமலே விளங்கும்.

மண்ணுக்குள் நிகழ்வது

இத்தெளிப்புகளால் நிலத்தில் எவ்வளவு தாமிரம் சேரக்கூடும் என்பதை ஓர் எளிய கணக்கால் உணரலாம். 1 விழுக்காட்டுப் போர்டோக் கலவை என்பது 100 லிட்டர் நீரில் 1 கிலோ துரிசும் 1 கிலோ சுண்ணாம்பும் கலந்தது; துரிசின் எடையில் ஏறத்தாழ கால் பங்கு தாமிரம். ஹெக்டேருக்கு 1,000 லிட்டர் வீதம் ஒருமுறை தெளித்தால் சுமார் 2.5 கிலோ தாமிரம் நிலத்தைச் சேரும். ஆண்டுக்கு மூன்று முறை என்று கொண்டால் ஏழரைக் கிலோ. ஒரு ஹெக்டேரின் மேல்மண், அதாவது 15 சென்டிமீட்டர் ஆழத்துப் படலம், சுமார் 20 லட்சம் கிலோ எடையுள்ளது என்பது வேளாண் கணக்குகளில் வழக்கமான மதிப்பீடு. அதன்படி ஆண்டுக்குக் கிலோ மண்ணில் 4 மில்லிகிராம் அளவுக்குச் சற்றுக் குறைவாகத் தாமிரம் கூடும். முப்பது ஆண்டுகள் அவ்வாறே நடந்து, சேர்ந்தது முழுவதும் தங்கினால், அது 110 மில்லிகிராமைத் தாண்டும். இது எந்தத் தோட்டத்திலும் எடுத்த அளவீடு அன்று. பரிந்துரைக்கப்பட்ட நடைமுறையிலிருந்து பெற்ற ஒரு மாதிரிக் கணக்கு மட்டுமே. மழை அரித்துச் செல்வதால் சில இடங்களில் உண்மை அளவு குறைந்திருக்கலாம். மட்கு மிகுந்து எடை குறைந்த காட்டுமண்ணில் அது கூடியும் இருக்கலாம். ஒப்பிட்டுப் பார்க்கத் தக்க அளவீடு ஐரோப்பாவில் உண்டு: 2018-இல் வெளியான ஐரோப்பிய மண் ஆய்வு, அங்குள்ள நிலங்களின் சராசரித் தாமிர அளவு கிலோவுக்கு சுமார் 17 மில்லிகிராம் என்றும், திராட்சைத் தோட்டங்களில் அது 49 என்றும் கண்டது. மில்லார்தேயின் கண்டுபிடிப்பு நடந்து ஒன்றேகால் நூற்றாண்டுக்கு மேல் கழிந்த பிறகும் அதன் தடம் மண்ணில் அழியாதிருப்பதை இந்த எண்கள் காட்டுகின்றன. மழைமிகுந்த பிரேசிலின் தென்பகுதித் திராட்சைத் தோட்டங்களில் இதைவிடப் பன்மடங்கு அளவுகள் பதிவாகியுள்ளன.

உலோகம் சிதைவதில்லை என்பதே இங்கு அடிப்படை. எண்டோசல்ஃபான், குயினால்பாஸ் போன்ற பூச்சிக்கொல்லிகள் விரைவாகவோ மெதுவாகவோ வேறு மூலக்கூறுகளாக உடைந்துபோகும். தாமிரமோ தனிமம் ஆதலால் உடைவதற்கு எதுவும் இல்லை. மண்ணில் விழுந்த தாமிரம் மட்கின் கரிமப் பொருளோடு இறுகப் பிணைந்து மேற்படலத்திலேயே தங்குகிறது. ஏலச்செடியின் வேர்களும் மேலோட்டமாகவே பரவுவன. ஆகவே தாமிரம் தங்கும் அடுக்கும் செடி உண்ணும் அடுக்கும் ஒன்றாகின்றன. மண்ணின் அமிலத்தன்மை கூடும்போது பிணைப்புத் தளர்ந்து, தாமிரம் கரைந்து, உயிர்கள் உறிஞ்சத்தக்க நிலைக்கு வருகிறது. மழைமலைகளின் மண் இயல்பிலேயே அமிலமானது. தொடர்ந்து இடப்படும் அம்மோனிய வகைத் தழைச்சத்து உரங்கள் அதை மேலும் அமிலமாக்குகின்றன. போர்டோக் கலவையின் சுண்ணாம்பு இதை ஓரளவு ஈடுசெய்யும். தாமிர ஆக்சிகுளோரைடில் அந்த ஈடு இல்லை.

இதன் விளைவு முதலில் தெரிவது செடியில் அன்று, மண்ணின் உயிர்களில். மண்புழுக்கள் தாமிரம் மிகுந்த மண்ணைத் தவிர்க்கின்றன. சருகு மட்கும் வேகம் குறைகிறது. வேரோடு கூடி வாழ்ந்து செடிக்கு மணிச்சத்தைத் தேடித்தரும் வேர்ப்பூசணங்கள் தளர்கின்றன. இவை தாமிரம் படிந்த திராட்சை, காப்பித் தோட்டங்களில் பல நாடுகளில் கண்டறியப்பட்டவை. காய்க்குள் தாமிரம் ஏறுவது ஒப்பளவில் குறைவு, ஏனெனில் செடி அதை வேரிலேயே பெரிதும் தேக்கிக்கொள்கிறது. இதனால் ஏலக்காயை உண்பவருக்கு வரும் தீங்கை விட, ஏலக்காயை விளைவிக்கும் நிலத்துக்கு வரும் தீங்கே முதன்மையானது. இறக்குமதி நாடுகளின் ஆய்வகங்கள் காயில் மருந்தெச்சத்தைத் தேடிப் பிடித்து, 2018-ஐ ஒட்டிச் சவூதி அரேபியா இந்திய ஏலக்காயைத் தடுத்தபோது கிளர்ந்த கவலை, மண்ணில் தங்கிய உலோகத்தைப் பற்றி எழாததன் காரணமும் இதுவே: வாங்குபவரின் சோதனை காயோடு முடிந்துவிடுகிறது.

தாமிரத்தோடு வேறு உலோகங்களும் வந்தன. பூசணக்கொல்லியாகப் பெயர்பெற்ற மான்கோசெப்பில் மாங்கனீசும் துத்தநாகமும் அடங்கியுள்ளன. இந்தியாவெங்கும் விதைக்கிழங்கையும் கரும்புக் கரணையையும் நனைக்கப் பயன்பட்ட கரிமப் பாதரச மருந்தான மெத்தாக்சி எத்தில் மெர்குரி குளோரைடு 2018-இல்தான் முற்றிலும் தடைசெய்யப்பட்டது. அமில மண்ணில் நேரடியாக இடத் தக்கதென்று மலைத்தோட்டங்களில் புகழ்பெற்ற பாறைப் பாஸ்பேட்டு, முசூரி மலையிலும் ராஜஸ்தானிலும் வெட்டியெடுக்கப்பட்டு மூட்டைகளாக வந்தது. கடற்படிவுகளிலிருந்து உருவான பாஸ்பேட்டுப் பாறைகளில் காட்மியம் கலந்திருப்பது உலகறிந்த செய்தி; பாஸ்பேட்டு உரத்தில் காட்மியத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2022 முதல் வரம்பு விதித்திருக்கிறது. தாமிரத்தைப் போலன்றிக் காட்மியம் செடியின் உண்ணும் பகுதிக்கு எளிதாக ஏறக்கூடியது என்பதால், அளவு சிறிதாயினும் அதைக் கணக்கில் விட்டுவிட இயலாது. சுரங்கம் ஏலமலையில் இல்லை என்பது உண்மை. ஆனால் தொலைதூரச் சுரங்கங்களின் பொருள் இங்கே வந்து சேர்ந்துகொண்டிருந்தது.

பழி சுமத்த ஆள் இருந்த மலையும் இல்லாத மலையும்

இதே மலைத்தொடரில், வடகிழக்கே உள்ள கொடைக்கானலின் பாதரச வரலாற்றோடு ஒப்பிட்டால் ஏலமலையின் நிலை தெளிவாகும். அமெரிக்காவின் வாட்டர்டவுனிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டு 1980-களின் முற்பகுதியில் தொடங்கிய வெப்பமானித் தொழிற்சாலை, பின்னர் இந்துஸ்தான் லீவர் வசமாகி, பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு ஊரின் பழைய இரும்புக் கடையில் கண்டெடுக்கப்பட்டதை அடுத்து 2001-இல் மூடப்பட்டது. 2003-இல் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. 2016-இல் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் உடன்பாடு ஏற்பட்டது. மண்ணைக் கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் அளவுக்குத் தூய்மைப்படுத்த வேண்டும் என்ற வாதம் அதன் பிறகும் ஆண்டுக்கணக்கில் நீண்டது. அங்கே வேலியிட்ட ஒரு வளாகம் இருந்தது, ஒரு நிறுவனத்தின் பெயர் இருந்தது, கேட்பவரும் பதில் சொல்ல வேண்டியவரும் இருந்தனர். அதனால் மண் அளக்கப்பட்டது, வரம்பு பேசப்பட்டது.

ஏலமலையில் தாமிரம் ஆயிரக்கணக்கான சிறு தோட்டங்களில் பரந்து கிடக்கிறது. தெளிப்பவரே நிலத்துக்கு உரியவர். பரிந்துரைத்தவர் நோயைத் தடுத்தவர். விற்றவர் சட்டப்படி விற்றவர். மாநில எல்லை இந்தச் சிதறலை மேலும் கூட்டியது. 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்தில் நிற்க, ஏலம் விளையும் மண் ஒரு மாநிலத்திலும் அதை விற்கும் பெருஞ்சந்தை இன்னொரு மாநிலத்திலும் அமைந்தன. ஏலக்காய் வாரியமும், 1987 முதல் அதன் இடத்தில் வந்த நறுமணப் பொருள் வாரியமும் இரு மாநில வணிகத்தை ஒருங்கிணைத்தன. 2007 முதல் மின்னணு ஏலம் நடக்கிறது. போடியிலும் கேரளப் பக்கத்துப் புற்றடியிலும் ஏலத்துக்கு வரும் ஒவ்வொரு மூட்டையின் எடையும் தரமும் விலையும் பதிவாகின்றன. மலையிலிருந்து இறங்கும் பொருளுக்கு இத்தனை துல்லியமான கணக்கு இருக்க, மலை ஏறிய உலோகத்துக்குத் தோட்டவாரியான கணக்கு உருவாகவில்லை. தினந்தோறும் விடியற்காலையில் ஜீப்புகளில் போடிமெட்டையும் கம்பம்மெட்டையும் கடந்து செல்லும் தேனி மாவட்டத் தொழிலாளர்கள், அவர்களுள் பெரும்பான்மையான பெண்கள், தெளிக்கப்பட்ட தூர்களுக்கிடையே அமர்ந்து காய் பறிக்கின்றனர். அவர்களும் இந்தக் கணக்கின் ஒரு பகுதியே.

மொத்தத்தை எழுதுதல்

நாடு முழுவதும் 2015-இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டம் 12 அளவுருக்களைச் சோதிக்கிறது. அவற்றுள் தாமிரமும் ஒன்று. ஆனால் அச்சோதனை வகுக்கப்பட்டதன் நோக்கம் பற்றாக்குறையைக் கண்டு நுண்ணூட்ட உரத்தைப் பரிந்துரைப்பது. தாமிரம் குறைந்த நிலத்துக்கு அட்டை மருந்து சொல்லும். மிகுந்த நிலத்துக்கு எச்சரிக்கை சொல்வது அதன் வேலையாக வகுக்கப்படவில்லை. காட்மியமும் ஈயமும் அந்தப் பன்னிரண்டில் இல்லை. நகரக் குப்பை உரத்தில் தாமிரம் கிலோவுக்கு 300 மில்லிகிராமையும் காட்மியம் 5 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது என்று உரக் கட்டுப்பாட்டு ஆணை வரம்பு விதிக்கிறது. தோட்டத்தில் இறங்கும் பொருளை அளக்கும் அந்த எச்சரிக்கை, இறங்கியபின் சேர்ந்து கிடக்கும் மண்ணுக்கு நீளவில்லை.

தாமிர மருந்தின் பிறப்பிடமான ஐரோப்பா இப்போது வேறொரு கணக்குமுறைக்கு வந்திருக்கிறது. 2019 முதல் அங்கு ஒரு ஹெக்டேரில் ஏழு ஆண்டுகளில் மொத்தம் 28 கிலோவுக்கு மேல் தாமிரம் இடக் கூடாது. நோய் மிகுந்த ஆண்டில் கூடுதலாக இட்டால் அடுத்த ஆண்டுகளில் அதைக் குறைத்து ஈடுசெய்ய வேண்டும். மேலே சொன்ன மாதிரிக் கணக்கின்படி ஏலத்தோட்டம் ஒன்றில் ஏழு ஆண்டுகளில் இறங்கக்கூடியது ஏறத்தாழ இதன் இருமடங்கு. ஐரோப்பிய விதியின் சிறப்பு அதன் எண்ணைவிட அது கேட்கும் பழக்கத்தில் இருக்கிறது: இந்த ஆண்டு எத்தனை முறை என்பதற்குப் பதிலாக இதுவரை எவ்வளவு என்று விவசாயியையும் அலுவலரையும் அது எழுதவைக்கிறது.

மண்ணில் சேர்ந்த தாமிரத்தை மீட்டெடுக்கும் நடைமுறை எதுவும் மலைச்சரிவில் கைக்கெட்டும் விலையில் இல்லை. ஜப்பானில் ஜின்சுப் படுகையின் வயல்களில் 1979-இல் தொடங்கி 2012 வரை மேல்மண்ணை மாற்றி 860-க்கும் மேற்பட்ட ஹெக்டேரைச் சீர்செய்தார்கள்; சமவெளி நெல்வயலில் முடிந்த அது, மழை அரிக்கும் ஏலச்சரிவில் முடியாது. எஞ்சியிருக்கும் வழிகள் சேர்வதைக் குறைப்பதும், சேர்ந்ததை அசையாமல் வைப்பதும். பொட்டாசியம் பாஸ்போனேட்டும் டிரைக்கோடெர்மா என்னும் நன்மைப் பூசணமும் அழுகலுக்கு மாற்றாக ஆய்வு நிறுவனங்களால் ஏற்கெனவே பரிந்துரைக்கப்படுகின்றன. சுண்ணாம்பிட்டு அமிலத்தைத் தணிப்பது தாமிரத்தைப் பிணைப்பிலேயே நிறுத்துகிறது. நிழலும் சருகும் மட்கைப் பெருக்கி அரிப்பைத் தடுக்கின்றன. இவற்றுள் கடைசியானது, சர்க்கார் பண்டகசாலைக் காலத்துக் குடியானவர்கள் வேறு வழியின்றிக் கைக்கொண்ட சாகுபடி முறைக்கே பெரிதும் நெருங்கிவருகிறது. ஆனால் எந்தத் தோட்டத்தில் எந்த வழி உடனடித் தேவை என்று முடிவுசெய்ய, அந்தத் தோட்டத்து மண்ணில் எவ்வளவு இருக்கிறது என்பது தெரிந்தாக வேண்டும். ஏலக்காயின் ஒவ்வொரு மூட்டைக்கும் எடைச்சீட்டு எழுதும் திறமையுள்ள ஒரு வணிகமும், அதைக் கண்காணிக்கும் வாரியமும், இரு மாநில வேளாண் துறைகளும் சேர்ந்து நிலத்துக்கும் ஓர் எடைச்சீட்டு எழுதத் தொடங்குவதே, சுரங்கம் இல்லாத இந்த மலையின் உலோக வரலாறு இன்று கேட்டுநிற்கும் முதல் வேலை.